1966 மஸ்டாங்: ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் போடுவது

கேள்வி சுருக்கமாக இதுதான். கையில் இருப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங். 289 வி-8 இன்ஜின், டூ பேரல் கார்புரேட்டர், சி-4 ஆட்டோமேட்டிக், பின் ஆக்ஸில் ரேஷியோ 2.80 (புரொப்பெல்லர் ஷாஃப்ட் 2.80 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும்). வண்டியை மேனுவலாக மாற்ற ஆசை. அந்தக் காலத்து நாலு கியர் டாப்லோடரைப் போடுவதா, எண்பதுகளில் வந்த டி-5 ஐந்து கியரா, இப்போது புதிதாகவே கிடைக்கும் டிரெமெக் டி.கே.எக்ஸா? கூடவே என்னென்ன வேலை இழுக்கும்?

டி-5 போடுங்கள். ஆனால் கியர்பாக்ஸ் தேடி அலைவதற்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் போய் உட்காருங்கள். இந்த மாற்றத்தில் ஏமாந்தவர்களில் பாதிப் பேர் கியர்பாக்ஸில் ஏமாறவில்லை, ஆக்ஸில் கணக்கில் ஏமாந்தார்கள். மீதிப் பேர் பெல் ஹவுசிங்கில், அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூட்டில். நான் இரண்டிலும் மாட்டியிருக்கிறேன். மிச்சிகனில் என் வீட்டு கராஜில் இதே 289, இதே சி-4. இரண்டு வாரக் கடைசியில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை, பனி விழும்வரை இழுத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஸ்டாங்கை மஸில் கார் (பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க வேக வண்டி) என்றால் இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள், அது அதைவிடச் சின்ன போனி கார் வகை என்பார்கள். வரட்டும். கியர்பாக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, கணக்கு. மைல் வேகத்தை ஆக்ஸில் ரேஷியோவால் பெருக்கி, அதை 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் இன்ச் கணக்கில் வகுத்தால் இன்ஜின் சுற்று வரும். உங்கள் டயர் ஏறக்குறைய 25.5 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 மைலில், 2.80 ஆக்ஸிலோடு, நேர் கியரில் (இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட்டும் ஒரு சுற்று) இன்ஜின் சுமார் 2,580 ஆர்.பி.எம். ஓடும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் கன்வெர்ட்டரின் வழுக்கலால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதாவது உங்கள் வண்டி இப்போதே ஹைவேயில் அமைதியாகத்தான் போகிறது. இதில் 0.68 ஓவர்டிரைவ் (இன்ஜின் 0.68 சுற்றுக்கே ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும் ஐந்தாவது கியர்) உள்ள டி-5-ஐ மாட்டினால் 70 மைலில் இன்ஜின் 1,760-க்கு இறங்கிவிடும். 289 டூ பேரலுக்கு முழு டார்க் (சுழற்றும் விசை) கிடைப்பதே 2,400 ஆர்.பி.எம்.-இல். 1,760-இல் ஒரு சின்ன மேடு வந்தாலும் இன்ஜின் முக்கும், நீங்கள் நாலாவதுக்கு இறக்குவீர்கள். காசு கொட்டி வாங்கிய ஐந்தாவது கியர் அலங்காரப் பொருளாக நிற்கும். எனக்கு முதல் மூன்று மாதம் அப்படித்தான் நின்றது.

ஆகவே ஆக்ஸிலும் மாற வேண்டும். எதற்கு மாற்றுவது என்பது எந்த டி-5 என்பதைப் பொறுத்தது. 1985 முதல் 5.0 லிட்டர் வி-8 மஸ்டாங்கில் வந்த டி-5-க்கு முதல் கியர் 3.35, ஐந்தாவது 0.68. பின்னால் தனியாக விற்ற டி-5 இசட்டுக்கு முதல் கியர் 2.95, ஐந்தாவது 0.63. முதல் வகைக்கு 3.25 ஆக்ஸிலும் இரண்டாவது வகைக்கு 3.55 ஆக்ஸிலும் போட்டுப் பாருங்கள். 70 மைலில் ஐந்தாவதில் ஒன்று 2,040, மற்றது 2,060. கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். முதல் கியரின் மொத்தப் பெருக்கமும் 10.9, 10.5 என்று அக்கம்பக்கம்தான். பழைய 3.35 டி-5-ஐ வாங்கி 3.55 ஆக்ஸிலையும் சேர்த்தால் முதல் கியர் பெருக்கம் 11.9 ஆகிவிடும். சிக்னலில் கிளம்பி பத்தடி போவதற்குள் இரண்டாவதைக் கேட்கும், லாரி ஓட்டுவது போல இருக்கும். ஆளுக்கு ஆள் ரசனை, ஆனாலும் தெருவில் தினம் ஓட்டுகிற வண்டிக்கு அது தொல்லை.

வி-8 மஸ்டாங்கில் இருப்பது 8 இன்ச் ஆக்ஸில் என்பது நமக்கு ஒரு நல்ல காலம். கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்த உருண்டை மொத்தமாக முன்பக்கமாகக் கழன்று வரும். இங்கே மெக்கானிக்குகள் அதைப் பூசணிக்காய் என்றே சொல்வார்கள். பக்க ஆக்ஸில்களை உருவிவிட்டு நட்டுகளைக் கழற்றினால் கையில் வந்துவிடும். வேறு ரேஷியோ போட்டுத் தயாராக இருக்கும் ஒரு பூசணிக்காயை வாங்கி ஏற்றினால் ஒரு நாள் வேலை. பல் இடைவெளி (பேக்லாஷ்) பார்த்து மெல்லிய தகடு (ஷிம்) வைக்கும் தலைவலியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் ஆறு சிலிண்டர் மஸ்டாங்கை யாராவது வி-8-ஆக மாற்றி உங்கள் தலையில் கட்டியிருந்தால் பின்னால் சின்ன ஆக்ஸில் இருக்கலாம். வீலுக்கு நாலு நட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, ‘நான் வாரம் ஒருமுறை ஹைவேயில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புகிறவன்தானே’ என்று தோன்றினால் சி-4-ஐ அப்படியே விடுங்கள். அது மோசமான பெட்டி இல்லை. கியர் மாற்றும் கை சுகத்துக்காகத்தான் இந்தச் செலவு, மைலேஜுக்காக இல்லை.

இப்போது மூன்று பெட்டிகள். டாப்லோடர் ஃபோர்டே 1964 மாடலிலிருந்து போட்ட இரும்புப் பெட்டி. மூடி மேல்பக்கம் இருப்பதால் அந்தப் பெயர். யானையைக் கட்டி இழுத்தாலும் தாங்கும். கியர் போடும்போது கையில் ஒரு கனம் தெரியும், அது ஒரு தனி சுகம். வண்டியை 1966-இல் இருந்த மாதிரியே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஆனால் நாலாவதே நேர் கியர், மேலே ஒன்றும் கிடையாது. 3.55 ஆக்ஸிலோடு 70 மைலில் 3,270 ஆர்.பி.எம். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால் இறங்கின பிறகும் காதில் இரைந்துகொண்டே இருக்கும்.

டி.கே.எக்ஸ் 600 பவுண்டு-அடி டார்க் தாங்கும் என்று டிரெமெக் சொல்கிறது. இதற்கு முன்பு வந்த டி.கே.ஓ பெட்டிகளைப் பழைய கார்களில் நுழைக்க டனலை (தரையில் கியர்பாக்ஸ் உட்காரும் மேட்டை) வெட்ட வேண்டியிருந்தது. அதைக் குறைக்கவே இதன் உடம்பை ஒடுக்கிச் செய்தார்கள். அருமையான பெட்டி, சந்தேகமில்லை. 400 குதிரைச் சக்திக்கு மேல் இன்ஜின் கட்டப்போகிறீர்கள் என்றால் அதுதான். உங்கள் 289 டூ பேரலின் டார்க் 282 பவுண்டு-அடி. அதுவும் அந்தக் காலத்து கிராஸ் கணக்கு. ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் சுமையாக இல்லாமல் டெஸ்ட் பெஞ்சில் அளந்தது. வண்டியில் வந்து சேர்வது அதைவிடக் குறைவு. இதற்கு டி.கே.எக்ஸ் போடுவது எலியைப் பிடிக்க மலையை வெட்டுவதுதான்.

எஞ்சியது டி-5. போர்க்-வார்னர் செய்தது, பிறகு டிரெமெக் கைக்குப் போனது. அலுமினிய உடம்பு, 75 பவுண்டுதான். தனி ஆளாக நெஞ்சில் வைத்து ஏற்றியவர்கள் இருக்கிறார்கள் (நீங்கள் செய்யாதீர்கள், டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும்). 1985 முதல் 89 வரை வந்தவை 265 பவுண்டு-அடி, 90 முதல் 93 வரை வந்தவை 300, டி-5 இசட் 330. உங்கள் இன்ஜினுக்கு 90 முதல் வந்தது கிடைத்தால் நிம்மதி. ஒட்டும் டயர் போட்டு, 5,000 சுற்றில் கிளட்சை உதறிவிடும் பழக்கம் இருந்தால் எந்த டி-5-உம் தாங்காது. வழக்கமாக முதலில் போவது மூன்றாவது கியரின் பல்.

பழைய டி-5 வாங்கும்போது பெட்டியைப் பார்க்காமல் டேக்கைப் பாருங்கள். பின்பக்க ஹவுசிங் போல்ட்டில் ஒரு சின்ன உலோகத் தகடு தொங்கும், 1352 என்று ஆரம்பிக்கும் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து எந்த வருஷம், எந்த வண்டி, என்ன ரேஷியோ என்று கண்டுபிடித்துவிடலாம். தகடு இல்லை என்றால் விலையைக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள். நாலு சிலிண்டர் மஸ்டாங் டி-5-ஐ ‘வி-8 பெட்டி’ என்று விற்பவர்கள் உண்டு. அதன் முதல் கியர் 3.97, பல்லும் மெலிசு. கமாரோவிலிருந்து எடுத்த டி-5 ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டியது, நமக்கு ஆகாது. 1994, 95 மஸ்டாங் பெட்டிக்கு இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் வழியாக இன்ஜினை நோக்கி நீளும் முன் தண்டு) நீளம் அதிகம், அதற்கான பெல் ஹவுசிங்கும் சேர்த்து வாங்கினால்தான் பொருந்தும். 1983, 84-இல் வந்தவை பழைய ரகம், விட்டுவிடுங்கள்.

பெட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். 1989 மாடல் வண்டியிலிருந்து கழற்றியது என்று பெட்டி, பெல் ஹவுசிங், கிளட்ச், ஃப்ளைவீல் (இன்ஜினின் கிராங்க் தண்டின் பின்நுனியில் சுற்றும் கனமான சக்கரம்) எல்லாம் ஒரே கட்டாக வாங்கினேன். ஃப்ளைவீலில் 157 பல், என் ஸ்டார்ட்டருக்கும் சரி, கிராங்க் ஓட்டைகளும் சரி. முகத்தை லேத்தில் கொடுத்து லேசாகச் சீவி வாங்கி மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை. 2,000 சுற்றைத் தாண்டியதும் உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. 2,500-இல் ஸ்டியரிங் கையில் கூசியது. இன்ஜின் மவுண்ட் போச்சோ என்று மவுண்டை மாற்றினேன். அதிர்வு போகவில்லை. காரணம் வேறு. 1981 வரை வந்த 289, 302 இன்ஜின்களுக்கு ஃப்ளைவீலிலும் கிராங்கின் முன்நுனியில் இருக்கும் டாம்பர் சக்கரத்திலும் வேண்டுமென்றே வைக்கும் எடைச் சாய்வு 28 அவுன்ஸ்-இன்ச். அதற்குப் பிறகு வந்த 5.0-க்கு அது 50. பார்வைக்கு இரண்டும் ஒன்று, மாட்டுவதிலும் ஒன்று. மொத்தப் பெட்டியையும் மறுபடி இறக்கினேன். 289-க்கு 28 அவுன்ஸ் ஃப்ளைவீல் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். இன்ஜினை யாராவது பின்னாளில் புது கிராங்கோடு கட்டியிருந்தால் அவர் எந்தச் சாய்வு வைத்தார் என்று பில்லைத் தேடுங்கள்.

அடுத்தது பெல் ஹவுசிங் சென்டர். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. செய்யாதவர்கள்தான் ஒரு வருஷம் கழித்து ‘டி-5 சரியில்லை, மூன்றாவது கியர் கர்ரென்று அரைக்கிறது’ என்று புலம்புவார்கள். பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையில்தான் கியர்பாக்ஸின் மூக்குக் காலர் உட்காரும். அந்த ஓட்டையும் கிராங்கின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் இரண்டு டவல் பின்கள் (இடம் பிடிக்கும் சின்ன உருளைகள்)தான் அதைத் தீர்மானிக்கின்றன. அறுபது வருஷத்துப் பிளாக், வேறொரு வண்டியின் பெல் ஹவுசிங், இரண்டும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

ஃப்ளைவீல் மேல் டயல் கேஜின் காந்தத்தை வையுங்கள், ஊசியை அந்த ஓட்டையின் உள்சுவரில் தொட வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். ஊசி எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஆயிரத்தில் ஒரு இன்ச்சைப் பட்டறையில் ‘தௌ’ என்போமே, மொத்த அசைவு 5 தௌவுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 11 காட்டியது. மொத்த அசைவில் பாதிதான் உண்மையான விலகல், அதாவது 5.5. இதற்கென்றே மையம் விலகிய டவல் பின்கள் 7, 14, 21 தௌ அளவுகளில் விற்கின்றன. 7 தௌ பின்னை வாங்கி, பழைய பின்னைப் பிடுங்கி, புதியதை ஸ்குரூடிரைவரால் திருப்பித் திருப்பித் திசை பிடித்தேன். இந்தத் திசை பிடிக்கும் வேலைதான் உயிரை வாங்கும். பெல் ஹவுசிங்கை ஏழெட்டு முறை ஏற்றி இறக்கினேன். கடைசியில் ஊசி 3 தௌவில் நின்றது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. அது கையால் தள்ளினாலே போய் பெல் ஹவுசிங்கில் முகம் ஒட்ட வேண்டும். கடைசி அரை இன்ச் போகவில்லை என்றால் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். இன்புட் ஷாஃப்ட்டின் நுனி கிராங்கின் நடுவில் இருக்கும் பைலட் புஷ்ஷில் இறங்கவில்லை அல்லது கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம். இழுத்தால் அலுமினியக் காது உடையும், புஷ்ஷும் நசுங்கும். வெளியே எடுத்து, பிளேட்டை மறுபடி நடுவில் வைத்து, பெட்டியை டாப் கியரில் போட்டு, பின் ஷாஃப்ட்டை லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். பல் கோக்கும்போது க்ளிக் என்று கைக்கே தெரியும்.

கிளட்சை எப்படி இயக்குவது என்பது அடுத்த சண்டை. அந்தக் கால முறை, ஃப்ரேமுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் குறுக்கே ஓடும் இசட் பார் என்ற தண்டு. கச்சிதமானது, ஆனால் 80-களின் பெல் ஹவுசிங் அதற்குப் பொருந்தாது. டாப்லோடர் பெல் ஹவுசிங்கில் அடாப்டர் தட்டு வைத்து டி-5 மாட்டினால் இசட் பாரைக் காப்பாற்றலாம். இரண்டாவது, 80-களின் மஸ்டாங் போல கேபிள். மூன்றாவது ஹைட்ராலிக். உங்களுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கம்பெனி இரும்பாகவே இருந்தால் கேபிளே போதும், விலையும் குறைவு. அதற்குப் பதிலாக ஹெடர் குழாய்கள் போட்டிருந்தால் கேபிள் அதன் பக்கத்தில் வெந்துபோகும், ஹைட்ராலிக்குக்குப் போங்கள். ஆனால் மாஸ்டர் சிலிண்டரை வெறும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில்) மாட்டாதீர்கள். அந்தத் தகடு மெலிசு, ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே வெளியே மூச்சு விடும், ஒரு நாள் கீறல் விடும். பின்னால் ஒரு தடிமன் தட்டு வைத்து பெடல் பிராக்கெட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பெடலும் மாற வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் அகலமான பிரேக் பெடல் வெளியே, இரண்டு பெடல் செட் உள்ளே. டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டு செய்கிற வேலை, முதுகு பிடிக்கும். எப்படியும் பிராக்கெட்டைக் கழற்றியாயிற்று, கிளட்ச் பெடல் ஷாஃப்ட்டின் தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாக பேரிங் கிட்டைப் போட்டுவிடுங்கள். மறுபடி அங்கே படுக்கச் சொன்னால் யாரும் படுக்க மாட்டோம்.

சில்லறை வேலைகள் நிறைய. ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டரும் அந்தக் கால மூன்று, நாலு கியர் மேனுவல் ஸ்டார்ட்டரும் வேறு வேறு, பல் நிற்கும் ஆழம் மாறும், உங்கள் பெல் ஹவுசிங்குக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சி-4-இன் நியூட்ரல் ஸ்விட்ச் வழியாகத்தான் ஸ்டார்ட்டர் லைன் போகிறது. ஸ்விட்ச் போனதும் அந்த இரண்டு வயரையும் சேர்க்காவிட்டால் சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. பேட்டரியைக் குறை சொல்லி ஒரு மணி நேரம் போகும். பெடலில் ஒரு கிளட்ச் ஸ்விட்ச் வைத்து அதன் வழியாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. சி-4-க்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு வாக்குவம் குழாய் வரும், அதை அடைக்க மறந்தால் இன்ஜின் ஐடிலில் தடுமாறும். கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பர் டி-5-க்கான தனி வகை. டனலில் கியர் கம்பி வரும் ஓட்டையைக் கொஞ்சம் வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கும், அளந்துவிட்டு வெட்டுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் நமக்கு ஒரு சலுகை. சி-4-இன் யோக்கும் (ஷாஃப்ட்டின் முன்நுனியில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் துண்டு) டி-5-இன் பின் ஷாஃப்ட்டும் இரண்டுமே 28 பல், அப்படியே நுழையும். நீளத்தை மட்டும் வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போது பாருங்கள். யோக்கை உள்ளே முட்டும்வரை தள்ளி, அங்கிருந்து முக்கால் முதல் ஒரு இன்ச் வெளியே இருந்தால் சரி. கோணமும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்பக்கம் எத்தனை டிகிரி கீழே சாய்கிறதோ, பினியன் அத்தனை டிகிரி மேலே பார்க்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் 60 மைலில் தரை அதிரும்.

எண்ணெய் விஷயத்தில் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். டாப்லோடருக்குக் கெட்டியான கியர் ஆயில்தான், ஆனால் 1985 முதல் வந்த டி-5-க்கு ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப். மூன்று லிட்டருக்குள் அடங்கிவிடும். கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் இதன் சின்க்ரோ வளையங்களில் ஒட்டியிருக்கும் லைனிங் கெட்டி எண்ணெயில் வேலை செய்யாது, காலையில் குளிரில் இரண்டாவது கியர் விழவே விழாது.

கழற்றிய சி-4, கன்வெர்ட்டர், ஃபிளெக்ஸ் பிளேட், பெடல், கம்பிகள் எல்லாவற்றையும் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். கதவில் இருக்கும் டேட்டா பிளேட்டில் டிரான்ஸ்மிஷன் குறியீடு 6 என்றே இருக்கும். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டி எங்கே என்று கேட்பார்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். டி-5-இன் பின்ஷாஃப்ட்டில் இருக்கும் பிளாஸ்டிக் கியரில் 7 அல்லது 8 பல் இருக்கும், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஆக்ஸில் ரேஷியோவாலும் டயர் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 25.5 இன்ச் டயர் மைலுக்கு ஏறக்குறைய 790 சுற்று. 7 பல் என்றால் 3.25 ஆக்ஸிலுக்கு 18 பல் கேபிள் கியர், 3.55-க்கு 20 பல். ஆக்ஸிலை முதலில் முடிவு செய்யுங்கள் என்றேனே, இந்தச் சின்னக் கியரை ஒரே தடவையில் வாங்கவும் அது உதவும். நான் மூன்று வாங்கினேன். இரண்டு இன்னும் டிராயரில் கிடக்கின்றன.